கொடி இறங்கும் வரை

என் மகளுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கடைக்கு வந்தவர்கள், மாதா கோயிலில் பார்த்தவர்கள், பால்காரர் வரை எல்லோரும் கேட்டார்கள். யாருக்கும் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள், பரிதாபப்பட்டிருப்பார்கள். அது எனக்கு இன்னும் ஆகாது.

காரணம் இதுதான். என் மனைவி குவைத்தில் நர்ஸ். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் போனவள். ஆண்டுக்கு ஒருமுறை லீவில் வருவாள், வந்த சூடு ஆறுவதற்குள் திரும்பிப் போவாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தபோது, பிள்ளையை அங்கேயே அழைத்துக்கொள்ள அவளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். ஆனாலும் நியாயமானவள். "அவளையே கேளுங்க. அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்றாள். மகள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். முழுப் பரீட்சை முடிவதற்குள் சொன்னால் போதும் என்று ஆயிற்று. அவள் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பெற்றவளிடம் போகிற பிள்ளையை எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது?

அவளைப் பிடித்து வைக்க என்னிடம் என்ன இருந்தது என்று பார்த்தால், ஓர் உரக்கடை இருந்தது. திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நடத்துகிறேன். விவசாயிகள் கேரி பேக்கில் நாலு நெற்பயிரைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு வந்து, "என்னன்னு பாருங்க" என்று மேசையில் கொட்டுவார்கள். புகையானா, இலைச்சுருட்டா, குலைநோயா என்று பார்த்து மருந்து சொல்வேன். தலையை ஆட்டிவிட்டுப் போய், பக்கத்து வயல்காரர் அடித்த மருந்தையே அடித்துவிட்டு, கேட்கவில்லை என்று மறுபடியும் வருவார்கள். நாள் முழுக்க இதே பேச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உலை வைத்து, ரசம் கூட்டி, தட்டில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்பேன். ஒன்றுமில்லை என்பாள். எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தெம்பு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய பாடு. முதல் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் அன்றைய நாள் முழுவதும் அப்படியே கிடக்கும். அவள் ஒரு மூலையில் போனோடு, நான் ஒரு மூலையில் பேப்பரோடு. ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுப் போக அவளுக்கு என்ன வருத்தம் இருக்கப்போகிறது என்று நினைக்க நினைக்க எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் கிளப் ஞாபகம் வந்தது. ஊரைத் தாண்டி குடமுருட்டிக் கரையோரம், ஒரு மிராசுதாருடைய நிலத்தை ஒட்டி, துப்பாக்கியால் தட்டு சுடுகிற மைதானம் ஒன்று உண்டு. அவர்தான் கிளப்பின் செயலாளர். ரைஸ் மில் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பல வருடத்துக்கு முன்னால் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். லைசென்ஸ் எடுத்து, துப்பாக்கியும் வாங்கினேன். உள்ளதைச் சொன்னால் நான் நன்றாகச் சுடுபவன் அல்ல. ஆனால் அங்கே போய் நின்றால் யாரும் என்னிடம் நோய் வந்த இலையைக் காட்ட மாட்டார்கள். அந்த நிம்மதிக்காகவே போய்க்கொண்டிருந்தேன். மனைவி வெளிநாடு போனபின் அதுவும் நின்றுபோயிற்று.

மாசி பிறந்திருந்தது. தாளடி அறுவடை முடிந்து வயல்கள் எல்லாம் அரிதாளாகக் கிடந்தன. வயலில் பயிர் நிற்கும்வரை கிளப்பை மூடி வைத்திருப்பார்கள். அறுவடை ஆனதும் திறப்பார்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, துப்பாக்கி சுட வருகிறாயா என்று மகளிடம் கேட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்கினாள். அந்த ஆண்டில் நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவள் தலையைத் தூக்கியது அதுதான் முதல் முறை.

"எதை சுடுவாங்க?" என்றாள்.

"தட்டைத்தான். களிமண் தட்டு. ஒரு மெஷின் அதை வானத்துல வீசும். அதை நீ சுட்டு உடைக்கணும்."

"பறவை, முயல் எல்லாம்?"

"ஒண்ணும் கிடையாது. எந்த உயிரும் போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

"பூச்சி மருந்துக் கடை வச்சிருக்கவர் சொல்றீங்க" என்றாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். அவள் கறி சாப்பிடுவாள். ஆனால் கோழியைப் பிடித்தால் கொல்லைப் பக்கம் வரமாட்டாள். கடையில் எலி மருந்து டப்பாவைக்கூடக் கையால் தொடமாட்டாள். அதனால் அந்த வாக்குக் கொடுக்காமல் அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கொடுத்தேன். கொடுத்தபோது அது நூற்றுக்கு நூறு உண்மை என்றுதான் நம்பினேன்.

முதல் நாள் அவளுக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை. ஒரு தட்டைக் கையில் கொடுத்தேன். ஆரஞ்சு நிறத்தில், சாசரைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். களிமண் என்று பெயர்தானே தவிர, தாரும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்து வார்த்தது. விரலால் சுண்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், கீழே போட்டாள். உடைந்தது. இவ்வளவு லேசாக உடைவதற்குத் துப்பாக்கி எதற்கு என்றாள். கிளப்பில் இருந்த டாக்டர் பெரிய ஹாஸ்யத்தைக் கேட்ட மாதிரி சிரித்தார். அவர் எதற்குமே அப்படித்தான் சிரிப்பார்.

பிறகு தோட்டாவை வெட்டிக் காட்டினேன். உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டுகள், ஒரு கைப்பிடி. சுட்டால் இது அத்தனையும் விரிந்துகொண்டு போகும், அதில் ஒன்றிரண்டு பட்டாலே தட்டு உடையும் என்றேன். மிச்சம் எல்லாம் எங்கே போகும் என்று கேட்டாள். "மண்ணுல விழுந்துடும், அவ்வளவுதான்" என்றேன். இந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் வாயைக் கழுவத் தோன்றுகிறது. கேள்வியும் அவளே கேட்டாள், பதிலும் சரியாகத்தான் வந்தது. இரண்டு பேரும் அதைத் தாண்டிப் போய்விட்டோம்.

அந்த வருடம்தான் செயலாளர் மைதானத்துக்கு எதிரே இருந்த தன் வயலில் வாத்துக் கிடை போட இடம் கொடுத்திருந்தார். முன்பெல்லாம் ஆட்டுக் கிடைதான். நத்தை அதிகமாகிவிட்டது, வாத்து என்றால் நத்தையைப் பொறுக்கித் தின்னும், எருவும் ஆகும் என்று யாரோ சொன்னார்களாம். பம்ப்செட்டைப் போட்டு வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்தியிருந்தார். வடக்கே எங்கிருந்தோ வந்த ஒருவரும் அவர் மனைவியும் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து, வாய்க்கால் கரையில் தார்ப்பாய்க் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். வயல் முழுக்க வாத்து. சேற்றுக்குள் மூக்கை விட்டுச் சளப்பிக்கொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சுடும்போது மட்டும் வாத்துகளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மைதானத்து மூலையில் ஒரு சவுக்குக் கம்பம். அதில் சிவப்புக் கொடி ஏறினால் சுடப்போகிறோம் என்று அர்த்தம். இறங்கினால் முடிந்தது என்று அர்த்தம். எல்லா மைதானத்திலும் உள்ள விதிதான். நான் கிளப்பில் சேர்ந்த முதல் வருடம் கொடியைப் பார்த்துவிட்டு எந்தக் கட்சிக் கூட்டம் என்று விசாரித்துக்கொண்டு ஒருவர் சைக்கிளில் வந்துவிட்டார், நம் ஊர்ப்பக்கம் அப்படி.

அந்தக் கொடி வேலையை மகள் தானாகவே எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. கொடியை ஏற்றிவிட்டு, கம்பத்தடியிலேயே நின்று பார்ப்பாள். கடைசி வாத்து வாய்க்கால் வரப்பைத் தாண்டியபிறகுதான் இந்தப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டுவாள். ஒருநாள் ஒற்றை வாத்து ஒன்று அரிதாளுக்குள் தங்கிவிட்டது. டாக்டர் பொறுமையில்லாமல், ஒன்றுதானே, சத்தம் கேட்டால் தானே ஓடிவிடும் என்றார். மகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி, அதை விரட்டி அந்தப் பக்கம் சேர்த்துவிட்டு, முழங்கால் வரை சேறோடு வந்து நின்றாள். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. டாக்டர் முகத்தைப் பார்க்க அதைவிடத் திருப்தியாக இருந்தது.

சுடுவதில் முதலில் பயந்தாள். துப்பாக்கி அவளுக்குக் கனம். தோளில் துண்டை மடித்து வைத்தும் அடி வாங்கிச் சிவந்துபோனது. தட்டு வீசச் சொல்லிக் கத்த வேண்டும், அவளுக்குக் குரலே எழும்பாது. மெஷின்காரர் பள்ளத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, சொல்லிட்டீங்களா பாப்பா என்று கேட்பார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன், தட்டு மேல் குறி வைத்துச் சுடு என்று. சில வாரம் அப்படியே சுட்டாள், ஒன்றும் உடையவில்லை. ஒருநாள் நான் சுடுவதைக் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க தட்டு இருந்த இடத்தைச் சுடுறீங்க. அது போற இடத்தைச் சுடணும்" என்றாள். அடுத்த முறை துப்பாக்கியைத் தட்டோடு ஓட்டிக்கொண்டே போய், கொஞ்சம் முந்திக்கொண்டு சுட்டாள். தட்டு புகையாகப் போனது. காது மூடியைக் கழற்றாமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவள் அம்மாவுடையது. எனக்கு அதைப் பார்த்து நாளாகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மாறிப்போனது. பூசை முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பாள். போகும்போதும் வரும்போதும் பேச்சு. பள்ளிக்கூடத்தில் ஒன்றுமில்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. எந்த டீச்சர் எப்படி நடப்பார் என்று வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி நடித்துக் காட்டுவாள், வண்டி ஆடும். மதியம் வந்து இருவரும் சேர்ந்து துப்பாக்கியைத் துடைப்போம். வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து அலுத்துப்போன உடம்பு. ஞாயிறு மட்டும் படுக்க வேண்டும் என்று தோன்றாது. கூட்டத்தில் யாரிடமும் சொல்லாமல் இனிப்பை வாயில் அடக்கிக்கொண்டு இருப்பவன் மாதிரி இருந்தேன்.

பங்குனியில் ஒருநாள் அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இந்த வருஷம் நான் வரலம்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம். இங்க ஷூட்டிங்குல ஜூனியர் செலக்‌ஷன் இருக்கு" என்றாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ தெரியாது. நான் அடுப்படியில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அரிந்து முடித்தபின்னும் கத்தியைக் கீழே வைக்காமல் நின்றேன். சந்தோஷம்தான். கூடவே அவள் அம்மா நினைவுக்கு வந்தாள். அங்கே ஒருத்தி பிள்ளைக்கு இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள்.

இதற்கிடையில் வாத்துக்காரர் ஒருநாள் கடைக்கு வந்தார். நான் பயிருக்கு மருந்து சொல்பவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாத்துகள் சரியில்லை என்றார். சிலது நடக்கும்போது தள்ளாடுகிறது, இறக்கை தொங்குகிறது, கழுத்தைத் தூக்க மாட்டேன் என்கிறது, பச்சையாகக் கழிகிறது. இரண்டு மூன்று தினமும் செத்துக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் பார்த்துவிட்டார். வேறு ஊரில் மேய்ந்தபோது இப்படி ஒன்றும் இல்லை, இங்கே வந்தபிறகுதான் என்றார். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் பெரிய மனுஷனாகச் சொல்லி, சத்து மருந்து ஒன்றைத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னேன். காசு வேண்டாம் என்றுவிட்டேன். இலையைப் பார்த்து நோய் சொல்கிறவன், இங்கே வந்தபிறகுதான் என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது. ஈஸ்டர் அன்று காலை வாத்துக்காரர் என்னைத் தன் கொட்டகைக்குக் கூப்பிட்டனுப்பினார். மருந்து கொடுத்ததற்காக ஒரு வாத்தை எடுத்து வைத்திருந்தார். நோய் கண்டதைக் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை அவருக்கு. "இருக்கிறதுலயே நல்லதா பார்த்துப் பிடிச்சேன் சார். பாப்பா சாப்பிடட்டும்" என்றார். அங்கேயே அறுத்து, இறகெல்லாம் பிடுங்கிக் கொடுத்தார். மகள் பார்க்கக் கூடாதே என்று அதை இரண்டு பையில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

முந்தின இரவு ஈஸ்டர் பூசைக்குப் போய் வந்த அசதியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டியில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நான் வாத்தைச் சுத்தம் செய்தேன். இரைப்பையைக் கீறிப் பிரித்தபோது உள்ளே வழக்கம்போல மணலும் நத்தை ஓட்டுத் தூளும் இரண்டு நெல்லும் இருந்தன. அவற்றோடு சாம்பல் நிறத்தில் சில மணிகள். கல் என்று நினைத்து ஒதுக்கினேன். விரலில் உருண்ட விதம் கல் மாதிரி இல்லை. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். நகத்தின் தடம் பதிந்தது. அரைபட்டு, ஒரு பக்கம் தட்டையாகி, பளபளவென்று இருந்தது. தோட்டாவை வெட்டி மகள் உள்ளங்கையில் நான் கொட்டிக் காட்டியதே, அதே ஈயம்.

வாத்து சேற்றில் மணலைத் தேடித் தின்னும், தின்றதை அரைக்க. எங்கள் குண்டுகள் எத்தனையோ வருடமாக அந்த வயலில்தான் விழுந்துகொண்டிருக்கின்றன. மண்ணில் விழுந்துவிடும், அவ்வளவுதான்.

கழுவி விட்டிருக்கலாம். குழாய் திறந்துதான் இருந்தது. ஒரு விநாடியில் எல்லாம் சாக்கடைக்குப் போயிருக்கும், அடுத்த வாரம் வழக்கம்போல வண்டியில் ஏறியிருப்போம், அவள் இங்கேயே இருந்திருப்பாள். அப்படிச் செய்யாததற்கு நான் நல்லவன் என்பது காரணம் இல்லை. அலுத்துவிட்டது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றிக் காவல் காக்க எனக்குத் தெம்பு இல்லை. குழாயை மூடிவிட்டு, ஒரு கிண்ணத்தில் அந்த மணிகளைப் போட்டுவைத்து, அவள் எழுந்து வரும்வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. குனிந்து ஒன்றை எடுத்து, நான் செய்த மாதிரியே நகத்தால் அழுத்திப் பார்த்தாள். "அந்த அங்கிள்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தாள்.

வாத்துக்காரரும் அவர் மனைவியும் கொட்டகை வாசலில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தை நீட்டினேன். கீழே குந்தி உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். அவர் குண்டுகளை உள்ளங்கையில் போட்டு உருட்டிக்கொண்டே கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் என் மகளைத்தான் பார்த்தார்.

"பாப்பா கொடிய இறக்குற வரைக்கும் வாய்க்கால் மேட்டுலயே நிப்போம் சார். இறக்கினதும் முதல் வேலையா உள்ள ஓட்டுவோம். கொடி இறங்கிட்டா பயமில்லன்னு" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. எங்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள் என்று சொல்ல வந்தவர் அவர். ஆனால் என் மகள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். அவருடைய மனைவியும் பார்த்துவிட்டார். "சும்மா இருங்க, சின்னப் புள்ளகிட்ட" என்று அதட்டினார். அன்றைக்கே கிடையைக் கிளப்பிக்கொண்டு திருவையாற்றுப் பக்கம் போவதாக முடிவு செய்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது மகள் மைதானத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பண்டிகை நாள், அங்கே யாரும் இல்லை. பெட்டியிலிருந்து கொடியை எடுத்துக் கயிற்றில் கட்டி உச்சிவரை ஏற்றினாள். வண்டியைக் கம்பத்தடிக்குக் கொண்டுவரச் சொல்லி, சீட்டில் ஏறி நின்று, கைக்கு எட்டிய உயரத்தில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள், முடிச்சு மேல் முடிச்சு. பிறகு மைதானத்துக் காவல்காரர் கொட்டகையில் செருகியிருந்த அரிவாளை எடுத்து வந்து, மறுபடி ஏறி, முடிச்சுக்குக் கீழே தொங்கிய மிச்சக் கயிற்றை அறுத்துக் கீழே போட்டாள். ஏணி வைத்து ஏறாமல் இனி யாரும் அதை இறக்க முடியாது. நான் தடுக்கவில்லை.

செயலாளரிடம் நான் போய்ச் சொன்னேன். வாத்துக்கு ஆயிரம் வியாதி, உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்றார். வாக்குவாதம் செய்தேன். கிண்ணத்தை அவர் மேசையில் வைத்தேன். அதைப் பார்க்கவே இல்லை. கடைசியில், கொடி ஏறியே இருந்தால் எனக்கென்ன, சுடுவதற்கு அது தடையா என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. டாக்டராவது வாயைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எப்போதும்போலச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தோம். அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. போனை எடுத்தாள், திரும்ப வைத்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, "உங்க மேல கோபமெல்லாம் இல்லப்பா. உங்களுக்கும் தெரியாதுதானே" என்றாள். நான் தலையாட்டினேன். "ஆனா ஞாயித்துக்கிழமை இனிமே நம்ம ரெண்டு பேரும் என்னப்பா பண்றது?" என்று கேட்டாள்.

எனக்கு எவ்வளவோ பதில் வந்தது. கல்லணைக்குப் போகலாம், தஞ்சாவூரில் சினிமா பார்க்கலாம், பூண்டி கோயிலுக்குப் போகலாம். ஒன்றையும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அது அவளைப் பிடித்து வைப்பதற்காகச் சொல்வதாகவே இருக்கும். முதல் தடவை அப்படிப் பிடித்து வைக்கப்போய்த்தான் இத்தனையும். "தெரியலம்மா" என்றேன். அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம் வருவதாகச் சொல்லிவிட்டாள். திருச்சி ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டபோது, உள்ளே போகுமுன் திரும்பிவந்து, "கொடியப் பார்த்துக்கோங்கப்பா" என்றாள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவள் அம்மாவின் தங்கையிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வருடமாகிறது. ஒவ்வோர் அறுவடைக்கும் புதிதாக யாராவது வாத்து ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். செயலாளரும் இடம் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார். கொடி ஏறியிருப்பதைப் பார்த்து, வாத்துக்காரர்கள் மேட்டில் நின்று விசாரிக்கிறார்கள். காவல்காரர் என் கடைக்கு அனுப்புகிறார். நான் அந்தக் கிண்ணத்தைக் காட்டி, கொடி இறங்கும் வரை உள்ளே விடாதீர்கள் என்கிறேன். எப்போது இறங்கும் என்று கேட்கிறார்கள். இறங்காது என்கிறேன். இலை கொண்டுவருபவர்களுக்குச் சொல்வதைவிட இதை நன்றாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

வெயிலிலும் காற்றிலும் துணி நாலு மாதம் தாங்குவதில்லை. நார்நாராகப் போய்விடுகிறது. ஜவுளிக் கடையில் சிவப்புத் துணி வாங்கி, ஏணியைச் சாத்தி ஏறி, நான்தான் மாற்றுகிறேன். முட்டி வலிக்கிறது, பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன், கிளப்புக்கும் சந்தா கட்டுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டி தானாக அந்தப் பக்கம்தான் திரும்புகிறது.

குவைத்தில் ஞாயிறு விடுமுறை இல்லை, வெள்ளிக்கிழமைதான். ஓய்வாக இருக்கும் வெள்ளியன்று அவள் கூப்பிடுவதில்லை. ஞாயிறு பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் கூப்பிடுகிறாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். அதற்குப் பதில் சொல்லத்தான் நான் வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போன ஞாயிறு இலை அசையவில்லை, அப்படி ஒரு புழுக்கம்.

"கொடி பறக்குதாப்பா?" என்றாள்.

"பறக்கல. தொங்குது. ஆனா மேலதான் இருக்கு" என்றேன்.

பின்னால் அவள் அம்மா ஏதோ கேட்பதும், இவள் இரும்மா என்பதும் கேட்டது. பிறகு, "போதும்பா" என்றாள். மதியம் என்ன சமைத்தேன் என்று விசாரித்தாள். ரசம் என்றேன்.